மேஜைக்கென்று கெடுத்த பீஸ்

கட்டைவிரலை விளிம்பில் வைத்து லேசாக நெம்பினார். அவ்வளவுதான். ரப்பர் தனியாக, இரும்புத் தகடு தனியாகக் கையோடு வந்துவிட்டது.

தராசு இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

கத்தி போட்டாலும் வரக் கூடாத ரப்பர் அது. பம்பு மோட்டாருக்கு அடியில் உட்கார்ந்து அதன் உதறலை எல்லாம் வாங்கிக்கொள்ளும் கட்டை. அடியில் தகடு, மேலே ரப்பர், இரண்டையும் பிடித்து வைக்க நடுவில் பசை. ரப்பர் கிழியலாம், தகடு வளையலாம். இரண்டும் பிரிந்தால் மட்டும் மன்னிப்பே கிடையாது. ஓடுகிற மோட்டார் எழுந்து நடக்க ஆரம்பித்துவிடும்.

தராசு என்பது அவருக்கு அந்தத் தெரு வைத்த பெயர். எதைக் கேட்டாலும் நிறுத்து நிறுத்துப் பேசுவார், ஒரு பக்கம் சாய மாட்டார் என்பதால் வந்தது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரருக்கே யோசனை வரும்.

"இன்னொண்ணை நெம்பிப் பாருங்க" என்றாள் மனைவி. பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து கட்டைகளின் ஓரப் பிசிறை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் பாதியில் நின்றிருந்தது.

இன்னொன்றும் பிரிந்தது. அடுத்தது பிரியவில்லை. அதற்கடுத்தது சத்தமே இல்லாமல் வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்தது.

"பசை பழசோ?"

"போன வாரம் பிரிச்ச டப்பா."

"அப்போ என்ன எழவு இது?"

வெளியே மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. தகரக் கூரையில் விழும் சத்தத்தில், ரப்பரை அச்சில் அழுத்திச் சூடாக்கும் பிரஸ் ஓடுவது கூடக் கேட்கவில்லை. தராசு எழுந்து, காலையில் மணலைக் காற்றோடு வேகமாக ஊதித் துரு போக்கி வெளுத்து வைத்திருந்த தகடுகளில் ஒன்றை எடுத்தார். மேலே ஒரு வெள்ளைத் துணியை ஓட்டினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். டீயில் நனைத்துப் பிழிந்த மாதிரி மிக மெல்லிய பழுப்பு.

"துரு" என்றார். "காலையில ஊதினதைச் சாயங்காலம் வரைக்கும் தட்டுல திறந்து போட்டிருக்கோம். மழைக் காத்து. கண்ணுக்குத் தெரியாம பூத்திருக்கு. அது மேலயே பசையைப் பூசியிருக்கோம்."

"ரெண்டு நாளா துவைச்ச துணியே காயல. இரும்புக்கு மட்டும் குளிராதா?"

மூலையில் ஒரு பழைய சூட்டுப் பெட்டி இருந்தது. பெரிய அலமாரி உயரம். ஒரு காலத்தில் எதையோ உலர்த்த வாங்கியது. இப்போது குடைகளுக்கும் டிபன் பாக்ஸ்களுக்கும் வீடு. அதைக் காலி பண்ணி, ஒயரைச் சரிபார்த்து, ஊதின தகடுகளை உடனுக்குடன் அதற்குள் வைத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே எடுத்துப் பசை பூசினார்கள். மறுநாள் வந்த கட்டைகளைத் தராசு கட்டைவிரலால் நெம்பினார், ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினார், கடைசியில் வைஸ் இடுக்கியில் இறுக்கி இழுத்தார். ரப்பர்தான் கிழிந்ததே தவிர, தகட்டை விடவில்லை.

மனைவி முதன்முதலில் உரிந்த ஜோடியைக் கழுவித் துடைத்துத் தனியாக வைத்தாள். "புதன்கிழமைக்கு."

"ம்" என்றார் தராசு.

அந்த 'ம்'தான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

புதன்கிழமை என்றால் அந்தத் தெருவில் நாலு ஷெட்டுக்கும் மேஜை நாள். பம்பு கம்பெனி ஒரே ஆர்டரை நாலாகப் பிரித்து நாலு பேருக்கும் கொடுக்கிறது. ஒருத்தன் சரக்கு சொதப்பினால் கம்பெனிக்காரன் நாலு பேருடைய சரக்கையும் திறந்து பார்க்கிறான். 'உன் வீட்டுக் கூரை ஒழுகினா என் வீட்டுப் பாய் நனையுது' என்று ஒரு நாள் வாஷர் அண்ணன் சலித்துக்கொண்டார். அவர்தான் நாலு பேரில் மூத்தவர், ஆரம்பத்தில் வாஷர் மட்டும் போட்டவர். சலித்துக்கொண்ட கையோடு மேஜையையும் ஆரம்பித்தார். வாரம் ஒரு தடவை அவர் ஷெட்டில் கூட வேண்டும். ஆளுக்கொரு கெட்டுப்போன பீஸ் கொண்டுவர வேண்டும். எப்படிக் கெட்டது, எப்படிச் சரியானது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு பீஸைச் சுவரில் இருக்கும் பலகையில் ஆணியடித்து, கீழே காரணத்தைச் சாக்பீஸால் எழுத வேண்டும். ஒரே வார்த்தை, மிஞ்சினால் ரெண்டு. 'பசை பழசு.' 'அச்சு அழுக்கு.' 'கை எண்ணெய்.'

கெட்ட பீஸ் கொண்டுவராதவனுக்கு டீ கிடையாது. அதுதான் ஒரே சட்டம்.

"எங்கிட்ட இந்த வாரம் எதுவும் கெடலையே" என்று ஒரு தடவை தராசின் மச்சினன் பெருமையாகச் சொன்னான். "அப்போ பச்சைத் தண்ணி குடி" என்று சொல்லிவிட்டார் வாஷர் அண்ணன். மனைவியின் கூடப் பிறந்த தம்பி அவன். எதிர் ஷெட். தெரு அவனுக்கு அவசரம் என்று பெயர் வைத்திருந்தது. பாலைக் கொதிக்கும்போதே குடித்துவிட்டு நாக்கை ஊதிக்கொள்கிற ரகம். ஆனால் கேட்டதை விட மாட்டான். மேஜையில் யார் எதைச் சொன்னாலும் மறுநாள் காலையில் அவன் ஷெட்டில் அது நடந்துகொண்டிருக்கும். "மாமா சொன்னா நான் கிணத்துல கூடக் குதிப்பேன், ஆழம் மட்டும் முன்னாடியே சொல்லிடுங்க மாமா" என்பான்.

தராசு ஏன் அந்த வாரம் உரிந்த ஜோடியைக் கொண்டுபோகவில்லை?

பம்பு கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்திருந்தது. புதிதாக ஒரு பெரிய கட்டை, இரட்டைத் தகடு. அதைப் பிரித்துக் கொடுக்கப் போவதில்லை. ஒரே ஷெட்டுக்குத்தான். 'யார் தரம் நல்ல தரம்னு நீங்க நாலு பேருமே பேசி ஒருத்தரைச் சொல்லுங்க' என்று விட்டுவிட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் சொல்ல வேண்டும். தராசு பெயர்தான் வரும் என்று தெருவே சொன்னது. இந்த நேரத்தில் போய், 'என் கட்டை வாழைப்பழத் தோல் மாதிரி உரியுது' என்று மேஜையில் வைப்பதா? அது போகட்டும். சூட்டுப் பெட்டி விஷயத்தைச் சொல்லிவிட்டால் நாலு பேர் சரக்கும் ஒரே தரமாகிவிடும். பிறகு தராசுக்கு என்ன தனி மவுசு?

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். ஒரு மழைக்காலம். அதற்கப்புறம் சொல்லிவிடலாம்.

ஆனால் வெறுங்கையோடு போக முடியாதே. மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து பிரஸ்ஸை நேரத்துக்கு முன்பே திறந்தார். கெட்டது வராமல் இருக்கப் பாடுபட்டே பழகிய கை. வேண்டுமென்று கெடுக்கப் பார்த்தபோது முதல் இரண்டும் நல்லதாகவே வந்து தொலைத்தன. மூன்றாவதை இன்னும் முன்னால் எடுத்தார். நடுவில் கொப்புளம் மாதிரி ஒரு குமிழி. திருடன் பொட்டலம் கட்டுகிற மாதிரி துணியில் சுற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மேஜையில் அந்தக் குமிழியைச் சுற்றி எல்லோரும் குனிந்தார்கள்.

"தராசு ஷெட்டுல குமிழியா?" என்றார் பெல்லோஸ் அம்மா. மடிப்பு மடிப்பான ரப்பர் உறைகள் போடுகிறவர். புருஷன் விட்டுவிட்டுப் போன ஷெட்டைப் புருஷன் நடத்தியதை விட நன்றாக நடத்துகிறவர். "சந்திரனுக்கே அம்மை போட்டாச்சுன்னா நாமெல்லாம் எம்மாத்திரம்."

"சூடு பத்தல" என்றார் தராசு. "கொஞ்சம் கூட்டினேன். சரியாப் போச்சு."

நாலு நாள் யோசித்த பொய் அது. நல்லபடியாக நிறுத்து வைத்த பொய். யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்றுதான் நினைத்திருந்தார்.

அப்போது அவசரம் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான்.

உரிந்த ரப்பர். உரிந்த தகடு.

"இது ஏன்னு எனக்குச் சத்தியமாப் புரியல மாமா. நல்லாதான் இருக்கு பார்க்க. கையை வெச்சா வந்துடுது. எல்லாம் இல்ல, பத்துக்கு ரெண்டு மூணு. பசையை மாத்திப் பார்த்தேன். மணலை மாத்திப் பார்த்தேன். உங்ககிட்ட இந்த மாதிரி வந்துச்சா?"

மூன்று முகங்களும் தராசைப் பார்த்தன.

அவர் அந்தத் தகட்டைக் கையில் எடுத்தார். விரலுக்கே துரு தெரிந்தது. வெள்ளைத் துணி கூட வேண்டியிருக்கவில்லை.

"வரல" என்றார்.

"என்னவா இருக்கும் மாமா?"

ஒரு மூச்சு விடுகிற நேரம். அதற்குள் எத்தனையோ சொல்லியிருக்கலாம். 'தெரியல' என்றாவது சொல்லியிருக்கலாம்.

"சூடாத்தான் இருக்கும்" என்றார்.

"அதானே. நானும் நினைச்சேன்" என்றான் அவசரம், முகமெல்லாம் தெளிந்து. குமிழி பீஸை அவனே பலகையில் ஆணியடித்தான். கீழே அவனே 'சூடு பத்தல' என்று எழுதினான். தராசுக்கு டீ வந்தது. ஆறிப்போகும் வரை கையில் வைத்திருந்தார்.

ரப்பர் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். அச்சில் சூடு அதிகமானால், ரப்பர் பசையோடு சேருவதற்கு முன்னாலேயே மேல்தோல் வெந்துவிடும். பத்துக்கு மூன்று உரிந்தது பத்துக்கு ஏழாக உரியும். தராசுக்கு அது தெரியாதா? அன்று ராத்திரி படுக்கையில் தெரிந்தது. மறுநாள் போய்ச் சொல்லலாம் என்று எழுந்தார். எதிர் ஷெட்டில் அவசரம் பிரஸ்ஸின் சூட்டைக் கூட்டிக்கொண்டு, வாயில் பாட்டோடு நின்றுகொண்டிருந்தான். "மாமா, கூட்டிட்டேன்" என்று கையை ஆட்டினான். தராசும் கையை ஆட்டினார். உள்ளே போய்விட்டார்.

நடுவில் வந்த புதன்கிழமை தெருவில் முழங்கால் தண்ணீர், மேஜை கூடவில்லை. பத்து நாளில் லாரி வந்தது. கம்பெனி ஆட்கள் திருப்பிக் கொண்டுவந்த மூட்டைகளை அவசரத்தின் ஷெட் வாசலில் இறக்கினார்கள். இறக்கினார்கள் என்பது கௌரவமான வார்த்தை, கொட்டினார்கள். ரப்பர் வேறு, தகடு வேறாக மழைத் தண்ணீரில் கிடந்தன. 'அடுத்த லோடும் இப்படி இருந்தா உங்க பங்கை மத்தவங்களுக்குக் கொடுத்துடுவோம்' என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவன் ஷெட்டில் வேலை பார்த்த இரண்டு பெண்களும் இனி வேலை இல்லை என்று வீட்டுக்குப் போனார்கள். அவன் பெண்டாட்டி முக்காடு போட்டுக்கொண்டு தகடுகளைப் பொறுக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தான். வழக்கமாக வாசலிலேயே சத்தம் கேட்கும். அன்று செருப்பை ஓரமாக நேராக வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான்.

சோறும் கீரையும் அவித்த முட்டையும். முட்டையைத் தொடவே இல்லை.

"சாப்பிடுடா. முட்டை என்ன பாவம் பண்ணுச்சு?"

"சாப்பிடறேன்க்கா." தலை நிமிரவில்லை. "மாமா, தப்பு எம்மேலதான். நீங்க கொஞ்சம் கூட்டுன்னுதான் சொன்னீங்க. நான் சரியாகலன்னு இன்னும் கூட்டினேன். அப்பவும் உரியுதேன்னு இன்னும் கூட்டினேன். அவசரம்னு சும்மாவா பேர் வெச்சாங்க."

தராசு சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்த சோற்றை மறுபடி பிசைந்தார்.

"எதைக் கூட்டின?" என்றாள் அக்கா.

"சூட்டைத்தான்க்கா."

"சூட்டையா?"

"ஆமாம். மாமாதானே சொன்னார். உரியறதுக்குச் சூடுதான் காரணம்னு."

கரண்டி குழம்புச் சட்டியிலேயே நின்றது. அவள் புருஷனைப் பார்க்கவில்லை. தம்பி தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தாள். வேண்டாம் என்றான். இன்னொன்றும் வைத்தாள்.

அவன் போன பிறகு தட்டுகளைக் கழுவி, துடைத்து, அடுக்கி முடித்தாள். அப்புறம்தான் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லல."

"சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"நான் கழுவித் துடைச்சு வெச்சேன். நீங்க வேற எதையோ எடுத்துட்டுப் போயிருக்கீங்க. என்ன எடுத்துட்டுப் போனீங்க?"

"குமிழி வந்த பீஸ்."

"நம்ம ஷெட்டுல ஏது குமிழி?"

தராசு நகத்தில் ஒட்டியிருந்த பசையைச் சுரண்டினார். அவளுக்கே புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டாள். அழுகிறாளோ என்று நினைத்தார். இல்லை.

"கெடுத்தீங்களா? உட்கார்ந்து, வேணும்னு?"

"நமக்காகத்தானே. புது வேலை வந்தா..."

"என்னை இதுல சேர்க்காதீங்க."

"சரி. நான் நாளைக்குப் போய் மாப்பிள்ளைகிட்ட தனியா சொல்லிடறேன். பழைய சூட்டுப் பெட்டி ஒண்ணு நானே வாங்கிக் குடுத்துடறேன். இப்பத்தான் கண்டுபிடிச்சேன்னு சொல்லிக்கறேன்."

"சொன்னா என்ன பண்ணுவான் தெரியுமா? உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவான். கண்ணுல தண்ணி வெச்சுக்கிட்டு, தெரு பூராவும் மாமா காப்பாத்தினாருன்னு சொல்லிக்கிட்டுத் திரிவான். அதை நான் பார்த்துக்கிட்டு இருக்கணும். என்னால ஆகாதுங்க."

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் ஷெட்டில் பிசிறு வெட்டும் சத்தம் மட்டும்தான்.

புதன்கிழமை சட்டையைப் போட்டுக்கொண்டபோது இடது பக்கம் கனத்தது. பைக்குள் கையை விட்டார். தகடு. கழுவித் துடைத்த, துருப் பிடித்த, சில்லென்ற தகடு.

மனைவி ஒயர்க்கூடையில் டீ பிளாஸ்க்கை வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் டீ அவர்கள் முறை. வழக்கமாக அவர்தான் எடுத்துக்கொண்டு போவார்.

"நானும் வர்றேன்" என்றாள். "இரும்பு உங்க பையில இருக்கு. ரப்பர் எங்கிட்ட இருக்கு. நீங்க வைக்கலைன்னா நான் வைப்பேன்."

மேஜையில் பிஸ்கட் வாங்கி வைத்திருந்தார்கள். அது வழக்கமில்லை. வாஷர் அண்ணன் தொண்டையைக் கனைத்தார்.

"இன்னிக்கு அந்தப் புது வேலைக்கு ஆளைச் சொல்லிடணும். சுத்தி வளைக்க வேண்டாம். நான் தராசுன்னு சொல்றேன். பெல்லோஸம்மாவும் அதேதான். மாப்பிள்ளை, நீ என்ன சொல்ற?"

"வேற யாரு அண்ணே" என்றான் அவசரம். சிரிக்கக்கூடச் செய்தான். "மாமாதான். நான் சொல்லி முடிச்சிட்டா நீங்க பிஸ்கட்டைப் பிரிக்கலாம். என்னுது ஒண்ணே ஒண்ணு இருக்கு." ஒரு கோணிப்பையைத் தூக்கி மேஜை மேல் கவிழ்த்தான். உரிந்த ரப்பர்களும் தகடுகளும் சரிந்து விழுந்தன. ஒரு ரப்பர் உருண்டு தராசின் முழங்கையில் வந்து நின்றது. "அடுத்த லோடு எப்படியோ தெரியல. அடுத்த புதன்கிழமை நான் இருக்கறேனோ இல்லையோ. அதனால இதை நல்லாப் பார்த்துக்கோங்க. சூட்டைக் கூட்டினா இப்படி ஆகுது. பாருங்க, மேல்தோல் எப்படி வெந்திருக்கு. நான் பண்ணின தப்பு. நீங்க யாரும் பண்ணிடாதீங்க."

ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தான். தராசின் கையிலும் ஒன்று. வெளியேறப் போகிறவன் வீட்டுச் சாவியை ஒப்படைக்கிற மாதிரி, பொறுமையாக. அவசரம் அன்று அவசரப்படவே இல்லை.

மனைவியின் கை ஒயர்க்கூடைக்குள் போனது. பிளாஸ்க் இருந்த பக்கம் இல்லை அது. தராசு அதைப் பார்த்தார்.

சட்டைப்பையிலிருந்து தகட்டை எடுத்து வைத்தார். 'டக்' என்று ஒரு சத்தம்.

அவள் ரப்பரை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"இது என்னுது" என்றார் தராசு. "மழை பிடிச்ச வாரமே வந்துச்சு. சூடு இல்ல. ஈரம். ஊதின தகடு வெளியே கிடந்தா பூத்துடுது. சூட்டுப் பெட்டியில வெச்சு எடுத்தா சரியாயிடுது. எனக்கு அன்னிக்கே தெரியும்."

நிறுத்து நிறுத்துப் பேசுகிறவர். அத்தனையையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

"என்னிக்கே?" என்றார் வாஷர் அண்ணன்.

"மாப்பிள்ளை கேட்டானே. அன்னிக்கு."

"அப்போ அந்தக் குமிழி?" பெல்லோஸ் அம்மா பலகையைக் காட்டினார்.

"அது... செஞ்சது."

"செஞ்சதுன்னா?"

"மேஜைக்காகச் செஞ்சது."

பெல்லோஸ் அம்மா தன் கையிலிருந்த உரிந்த ரப்பரை மெல்லக் கீழே வைத்தார். "நல்லது செய்யப் போய்க் கெட்டது வந்தவங்களை எல்லாம் பார்த்திருக்கேன். கெட்டதையே செஞ்சு கொண்டுவந்தவரை இன்னிக்குத்தான் பார்க்கறேன். நானும் சூட்டைக் கூட்டினேன் தராசண்ணே. என் பிள்ளை பதறி நிறுத்தினான், தப்பிச்சேன். இல்லைன்னா என் மூட்டையும் வாசல்ல கிடந்திருக்கும்."

வாஷர் அண்ணன் பிஸ்கட் பொட்டலத்தை மேஜையிலிருந்து எடுத்து அலமாரியில் வைத்தார்.

தராசு மச்சினனைப் பார்க்கப் பயந்தார். எழுந்து வந்து சட்டையைப் பிடிப்பான் என்று எதிர்பார்த்தார். பிடித்தால் நன்றாக இருக்கும் என்று கூடத் தோன்றியது. அவன் தகட்டை எடுத்தான். விரலால் தடவினான். விரலைப் பார்த்தான்.

"பெட்டியில எவ்வளவு நேரம் வைக்கணும்?" என்றான்.

"தகட்டை எடுத்து உள்ளங்கையில வெச்சா இதமாச் சுடணும். அவ்வளவு நேரம்."

"எடுத்ததும் பசையா, ஆறினப்புறமா?"

"எடுத்ததும்."

"பூசினப்புறம் மறுபடி உள்ளே வைக்கணுமா?"

"வெச்சா நல்லது."

"சரி."

எல்லாம் கேட்டுவிட்டான், எதையும் விடவில்லை. வாக்கியத்தின் கடைசியில் எப்போதும் வந்து உட்காரும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. தராசு அதற்காகக் காத்திருந்தார். வரவில்லை.

"வாடா, பெட்டியைக் காட்டறேன்" என்று எழுந்தாள் அக்கா. பிளாஸ்க்கை மேஜையிலேயே விட்டுவிட்டு ஒரே குடையில் இருவரும் தெருவைக் கடந்தார்கள். பெல்லோஸ் அம்மாவும் எழுந்தார். "நானும் பார்த்துடறேன். எனக்கும் தகடு நனைஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு."

தராசு எழுந்து பலகைக்குப் போனார். குமிழி பீஸைப் பிடுங்க ஆணியில் கை வைத்தார்.

வாசல் வரை போன பெல்லோஸ் அம்மா திரும்பினார். "அதை எடுக்காதீங்க. இருக்கட்டும். இந்தப் பலகையிலேயே அதுதான் பெரிய கெட்ட பீஸ். காரணத்தை மட்டும் திருத்தி எழுதிடுங்க."

போய்விட்டார்.

மச்சினன் மேஜையில் விட்டுப்போன தகட்டையும் ரப்பரையும் தராசு குமிழிக்குப் பக்கத்தில் வைத்து ஆணியடித்தார். 'மழை ஈரம்' என்று எழுதினார். அது சுலபமாக வந்தது. அப்புறம் குமிழிக்குக் கீழே மச்சினன் எழுதியிருந்த 'சூடு பத்தல'வை உள்ளங்கையால் அழித்தார். சாக்பீஸ் கையிலேயே இருந்தது. ஒரு வார்த்தை, மிஞ்சினால் ரெண்டு.

'தராசு' என்று எழுதினார்.

பின்னால் தம்ளரில் டீ விழும் சத்தம் கேட்டது. வாஷர் அண்ணன் பிளாஸ்க்கைத் திறந்து ஒரே ஒரு தம்ளரை நிரப்பி, தராசின் நாற்காலிக்கு எதிரே நகர்த்தி வைத்திருந்தார்.

"எனக்கு வேண்டாம் அண்ணே."

"வேணுமா வேண்டாமான்னு யார் கேட்டா?" வாஷர் அண்ணன் அவர் முகத்தைப் பார்க்காமல், மேஜை மேல் கிடந்த ரப்பர்களைக் கோணிப்பைக்குள் அள்ளிப் போட ஆரம்பித்தார். "கெட்ட பீஸ் கொண்டுவந்திருக்கே. சட்டம் சட்டந்தான். குடி."

எதிரே, தன் ஷெட்டின் சூட்டுப் பெட்டிக்கு முன்னால் மூன்று பேர் குனிந்து நின்றிருப்பது மழைக்குள் மங்கலாகத் தெரிந்தது. தராசு தம்ளரை எடுத்தார். நாற்காலியில் உட்கார மனசு வரவில்லை. சுவரோரமாக, அந்தப் பலகைக்குக் கீழே நின்றபடியே குடித்தார்.